நிலைக்கு வராத கணக்கு

மே 22, வியாழன்

காய்ச்சல் விட்டு இன்றுதான் அலுவலகம் போனேன். கோமதி வேண்டாம் என்றாள். "எழுவத்திரண்டு வயசுல அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறீய?" என்று கேட்டாள். வாரத்தில் மூன்று நாள்தானே என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகம் என்பது பிரீடா மச்சாதுவின் சிறிய கம்பெனி. தூத்துக்குடியில் ஒரு மாடி, மொத்தம் ஏழு பேர். மீன்பிடி விசைப்படகுகளுக்கு ஆபத்துக் கருவி செய்கிறோம். நடுக்கடலில் படகு கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். அதன் ஆண்டெனா என் வடிவமைப்பு. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் மின்காந்தவியல் நடத்தியவனுக்கு வேறென்ன தெரியும். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் தருவைகுளத்தில் முப்பத்தெட்டுப் படகுகளில் முதல் மாடலைப் பொருத்தினார்கள். சங்கச் செயலாளர் வியாகப்பன் எனக்குச் சால்வை போர்த்தினார். ஜூன் பதினான்கோடு தடை முடிகிறது. பதினைந்தாம் தேதி விடியலில் எல்லாரும் ஆழ்கடலுக்குப் போவார்கள். திரும்ப இருபது நாள் ஆகும்.

இப்போது இரண்டாவது மாடல். பெட்டி சிறியது, ஆண்டெனாவும் அது நிற்கும் அடித்தகடும் பழையவைதான். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஹசீனா தானாகவே கம்ப்யூட்டரில் மாடலை ஓட்டியிருக்கிறாள். காயல்பட்டினத்துப் பெண், இரண்டு வருடமாக எங்களோடு இருக்கும் பொறியாளர். கணக்கு நிலைக்கு வரவில்லை என்றாள்.

மென்பொருள் ஆண்டெனாவைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் மின்புலத்தைக் கணக்கிடும். விடை சந்தேகமாக இருக்கும் இடத்தில் துண்டுகளை மேலும் பொடியாக்கி மறுபடி கணக்கிடும். சுற்றுச் சுற்றாகப் போகப்போக விடை ஆடாமல் நிற்க வேண்டும். அடுத்தடுத்த இரு சுற்றுகளின் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குள் வந்தால் நம்பலாம். முதல் மாடல் ஏழாவது சுற்றில் நின்றது. இதில் ஆண்டெனா பேசும் அலைவரிசை பத்தொன்பது சுற்று ஓடியும் 411, 404, 417, 409 மெகாஹெர்ட்ஸ் என்று தள்ளாடுகிறது. எங்களுக்கு வேண்டியது 406, செயற்கைக்கோள் கேட்கும் அலைவரிசை.

"டிராயிங்கைச் சுத்தம் பண்ணினியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணோட ஒண்ணு வெட்டிக்கிட்டு நின்ன பாகங்களை மட்டும் சரிபண்ணுனேன் சார். மத்தது எல்லாம் வரைஞ்சது வரைஞ்சபடி."

சரி என்றேன். காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் எதுவும் பிடிக்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் மட்டும்.

மே 24, சனி

முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்லை. மாடலைச் சுற்றி ஒரு காற்றுப்பெட்டி வரைந்து அதன் சுவர்கள் அலையை விழுங்கிவிடும் என்று சொல்லி வைக்கிறோம். சுவர் ஆண்டெனாவுக்கு மிக அருகில் இருந்தால் விடை கெடும். ஹசீனா வைத்த தூரம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் இரண்டு மடங்காக்கி ஓட்டினேன். 413, 405, 416.

என் தூரக் கணக்கே தப்போ என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே விடை. என் கணக்கில் எனக்கு எப்போதும் இந்தச் சந்தேகம் உண்டு. மற்றவர் கணக்கில் வராது.

மே 27, செவ்வாய்

மின்சாரம் நுழையும் இடத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். நிற்கவில்லை.

மே 29, வியாழன்

காலையில் மேல்தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். மிதவை வால்வு போய்விட்டது. புதிது வாங்கி மாட்டிவிட்டு, சரியாக நிற்கிறதா என்று நான்கு முறை மாடி ஏறினேன். "வால்வு நிக்குது. நீங்கதான் நிக்க மாட்டேங்கீய" என்றாள் கோமதி.

மதியம் பிரீடா என் மேசைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது, வேகமான பேச்சு. பேசும்போது பேனாவைக் காதில் செருகி எடுப்பாள், மறுபடி செருகுவாள்.

"சார், ரெண்டாவது மாடல் ரிப்போர்ட்டு பன்னண்டாந் தேதி சங்கத்துல குடுக்கணும். என்ன நிலைமை?"

"இன்னும் கன்வர்ஜ் ஆகலைம்மா, கணக்கு நிக்கலை."

"நூத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கீங்களே, அதைப் பத்துன்னு வச்சா?"

"நின்னுரும்."

"அப்புறம் என்ன சார்?"

"நின்ன மாதிரி தெரியும். அவ்வளவுதான்."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னுதான் உங்களை வச்சிருக்கேன்" என்று சொல்லிப் போனாள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை சாயங்காலம்வரை நீடித்தது.

மே 31, சனி

துண்டுகளைப் பொடியாக்கும் அலைவரிசையை மாற்றினேன். நினைவகம் போதவில்லையோ என்று ஹசீனாவின் கணினியில் ஓட்டினேன். பழைய பதிப்பு மென்பொருளில் ஓட்டினேன். எல்லாவற்றையும் நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கு ஓட்டம், பதினான்கு விதமான தள்ளாட்டம். என் முறை நாள் இல்லாவிட்டாலும் திங்கட்கிழமை போய் அடித்தகட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். அதை ஏன் இத்தனை நாள் கடைசிக்கு வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

நான் போவதற்கு முன்பே ஹசீனா பார்த்துவிட்டாள்.

"இங்க வந்து பாருங்க சார். ஒவ்வொரு சுத்துலயும் புதுத் துண்டு எங்க விழுதுன்னு கலர் போட்டுப் பாத்தேன். ஆண்டெனாவுல இல்ல. மொத்தமும் இங்கன வந்துதான் குவியுது."

பெட்டியின் நடுவிலிருந்து எழும் உலோகத் தண்டின் தலையில்தான் அடித்தகடு உட்காருகிறது. அந்த இடத்தில் சிவப்பாக, எறும்பு மொய்த்ததுபோல் துண்டுகள். பெரிதாக்கிக் காட்டினாள். தண்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் முடிபோல ஓர் இடைவெளி. 0.08 மில்லிமீட்டர்.

"தண்டும் தகடும் தொடுதா தொடலையான்னு அதுக்கே தெரியலை சார். அதான் ஆடுது."

"ம்."

"பழைய மாடலைத் திறந்து பாத்தேன். அதுல இந்த இடைவெளியே இல்ல. தண்டும் தகடும் ஒரே துண்டா இருக்கு. ஏன் சார்?"

பார்க்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து மிக்ஸி ஜாரின் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியைச் சரிசெய்தேன். திருகு சிறியது, கிடைக்க நேரமாயிற்று. இரத்த அழுத்தம் 160/95.

ஜூன் 3, செவ்வாய்

நெஞ்செரிச்சல். அலுவலகம் போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

இடைவெளியை மூடி ஓட்டினேன். ஏழாவது சுற்றில் அழகாக நின்றது. 406.1.

ஹசீனா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் இடத்துக்குப் போனாள். ரிப்போர்ட்டை அடிக்கத் தொடங்கினேன். தலைப்பு, தேதி, முன்னுரை வரை வந்தது.

எந்த மாடலை எடுத்தாலும் ஓட்டுவதற்கு முன் 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகளை மூடிவிடுவது என் பழக்கம். வரைபவர்கள் அவசரத்தில் கோட்டோடு கோடு சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட சில்லறைக் கிறுக்கல்களால் கணக்கு நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும். நல்ல பழக்கம். என் மாணவர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். இதை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அலுவலக நாள் இல்லை. பெட்டியை வரைந்த வேலாண்டிக்கு வீட்டிலிருந்து போன் செய்தேன். பட்டறையில் இருந்தார். பின்னால் கடைசல் இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

"தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல புள்ளி சைபர் எட்டு மில்லி விட்டிருக்கீங்களே வேலாண்டி, கோடு சேராம விட்டதா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீய! என் டிராயிங்ல கோடு சேராம இருக்குமா? அது பெயின்ட்டு சார். பவுடர் பெயின்ட்டு எம்பது மைக்ரான், அதே புள்ளி சைபர் எட்டு. உப்புக் காத்துக்கு உள்ள வெளிய எல்லாம் அடிக்கணும்னு மேடம் சொன்னாவ. அந்தக் கனம் போக தகடு உக்காரணும்லா, அதுக்கு விட்டேன். மொதப் பெட்டியிலயும் அப்படித்தான்."

"பெயின்ட்டுல மின்சாரம் போகாதே."

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? திருகுறப்ப மரை கீறி சிலது தொட்டுக்கிடும். சிலது தொடாது. நீங்கதான ஓகே போட்டீய?"

ஆமாம் என்றேன். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டேன். சுகம் என்றார்.

ஜனவரியில் திறந்த மொட்டைமாடியில் வைத்து அளந்த மாதிரிக் கருவிக்குப் பெயின்ட் அடித்திருக்கவில்லை. அன்று அடிக்க நேரமில்லை. அதனால் அளவும் கணக்கும் அவ்வளவு நன்றாகப் பொருந்தின. பட்டறையில் முப்பத்தெட்டையும் சோதித்தபோது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கம்பியில் வரும் சக்தியை மட்டும்தான் பார்த்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கோமதி என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலியோடு அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது என்று பொருள்.

"சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"ஒரு டம்ளர மூணு மட்டம் களுவுதீய. பேப்பரத் தலகீழாப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீய. ஆபீஸ்ல எவளையும் பிடிச்சிருக்குன்னு சொன்னாக்கூடத் தேவல, இந்த வயசுக்கு ஒரு பெருமைன்னு விட்டுருவேன்."

சிரிப்பு வந்தது. பிறகு, ஒரு சின்னக் கணக்கில் பிழை இருக்கலாம் என்றேன்.

"யாரு கணக்குல?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

"ஒங்க கணக்குன்னா மட்டும் 'இருக்கோம்'னு ஊரக் கூட்டுவீயளே" என்று சொல்லி எழுந்து போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

இடைவெளியைத் திறந்து, அதில் பெயின்டை ஒரு தனிப் பொருளாக நிரப்பி, அந்த எண்பது மைக்ரானை மட்டும் முன்கூட்டியே நான்கு படலமாக வெட்டிக் கொடுத்தேன். ஒன்பதாவது சுற்றில் கணக்கு நின்றது. முதன்முறையாக நேர்மையாக நின்றது.

419.6.

எங்கள் ஆண்டெனா குட்டையான சுருள். அதன் அலைவரிசை மிகக் குறுகியது. கொஞ்சம் தள்ளிப்போனாலும் பேசாது. 406இல் கொடுக்கும் சக்தி நூறு பங்கென்றால் காற்றுக்குப் போவது ஒன்பது பங்கு. மீதி திரும்பி உள்ளேயே வந்துவிடும். பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். செய்தி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தண்ணீரில் காத்திருப்பார்கள்.

அலமாரியில் இருந்த மூன்று உபரிக் கருவிகளைத் திறந்து மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தேன். இணைப்பு இருந்தால் மீட்டர் கத்தும். ஒன்று கத்தியது. இரண்டு கத்தவில்லை.

நிமிர்ந்தால் ஹசீனா நின்றுகொண்டிருந்தாள்.

"மேடத்துக்கிட்ட சொல்லணும் சார்."

"சொல்றேன்மா. இன்னும் ஒரு தரம் சரிபார்த்துட்டு."

"எத்தனை தரம் சார்? ஞாயித்துக்கிழமை காலைல போயிருவாங்க."

"நாளைக்கு."

"நாளைக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றுதான் தோன்றியது.

ஜூன் 11, புதன்

பிரீடா சென்னை போயிருக்கிறாள். போனில் சொல்லக்கூடிய விஷயமல்ல என்று ஹசீனாவிடம் சொன்னேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான்.

ஜூன் 12, வியாழன்

சொன்னேன். வார்த்தைகளை முதலில் தாளில் எழுதிப் படித்துப் பார்த்துக்கொண்டு போனேன். தாளை எடுக்கவில்லை. "முப்பத்தெட்டுல பாதிக்கு மேல வேலை செய்யாது. வரைபடத்துல இருந்த இடைவெளியைப் பிழைன்னு நினைச்சு நான் மூடிட்டேன். அது பெயின்ட். மூடினதை ரிப்போர்ட்டுலயும் எழுதலை" என்று சொல்லி முடித்தேன்.

பிரீடா காதிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எப்பத் தெரியும் சார்?"

"செவ்வாய்க்கிழமை கணக்கு வந்தது."

"கணக்கைக் கேக்கலை. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் தேதி."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "பத்து நாள். பத்து நாளைக்கு முன்னால சொல்லியிருந்தா ஒவ்வொண்ணாக் கழத்தி இங்க கொண்டாந்து, பெயின்ட்டைச் சுரண்டி, அளந்து பாத்து, திரும்ப மாட்டியிருக்கலாம். என் அக்கா மவன் போறான் சார் அதுல ஒரு போட்டுல. அந்த ஊர்க்காரங்க கையால சால்வை வாங்கினீங்க."

பிரீடா எழுந்தாள். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வரும்போது ஆளே மாறியிருந்தாள்.

"என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆறு நாளாகவே இருந்தது. மூடியைத் திறந்து, தகட்டைக் கழற்றி, தண்டின் தலையிலும் தகட்டின் அடியிலும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று உரச வேண்டும். நடுவில் பல் வைத்த வாஷர் ஒன்று. சுற்றி கிரீஸ். திரும்ப இறுக்கி, மீட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு படகுக்கு இருபது நிமிடம். மூன்று உபரிக் கருவிகளையும் இன்று மாலையே அப்படிச் செய்து மொட்டைமாடியில் அளந்தோம். மூன்றும் 406இல் நின்றன.

"சர்வீஸ்னு சொல்லிக்குவோம். ஒரு வாஷர் மாத்துறோம், அவ்வளவுதான். வேற யாரும் வாயைத் திறக்க வேண்டாம்" என்றாள் பிரீடா.

சரி என்று உடனே தலையாட்டினேன். அவ்வளவு சீக்கிரம் நான் எதற்கும் தலையாட்டியதில்லை.

ஜூன் 13, வெள்ளி

வாஷர் நாற்பது. உப்புத்தாள் பன்னிரண்டு. மீட்டர் நான்கு, எல்லாவற்றுக்கும் புது பேட்டரி. வெயிலுக்குத் தொப்பி கொண்டுபோகச் சொன்னாள் கோமதி. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீந்தத் தெரியாத மனுசன் போட்டுல ஏறப் போறீயளா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 14, சனி

காலை ஏழு மணிக்குத் தருவைகுளம் போய்ச் சேர்ந்தோம். பிரீடா, ஹசீனா, பட்டறை ஆளாகக் கூட வந்த வேலாண்டி, நான். ஆளுக்கு ஒரு மீட்டர். கடற்கரை முழுக்க ஐஸ் லாரிகளும் டீசல் பீப்பாய்களும் வலை மூட்டைகளும். அறுபது நாள் சும்மா கிடந்த ஊர் ஒரே நாளில் எழுந்து ஓடுவதுபோல் இருந்தது.

சர்வீஸ் என்றதும் யாரும் நின்று கேட்கவில்லை. "போயிட்டு வந்த பொறவு பாத்துக்கிடலாம் சார்", "ஐஸு உருகுது, வழிய விடுங்க" என்றார்கள். பிரீடா உறவைச் சொல்லியும் அதட்டியும் படகுகளைத் திறக்க வைத்தாள். நான் ஒவ்வொரு ஏறுபலகையிலும் நான்கு காலில் ஏறினேன். படகு ஆடும்போதெல்லாம் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை அது ஒருவருடைய தலை.

மூன்று மணிக்கு முப்பத்தேழு முடிந்தன. அவற்றில் இருபத்திரண்டு கத்தவில்லை.

கடைசிப் படகு வியாகப்பனுடையது. மதியம்வரை ஐஸுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரீடாவும் மற்றவர்களும் கரையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஏறினேன்.

"சர்வீஸா? எனக்கு வேண்டாம் சார். நல்லாத்தான் இருக்கு. இந்தா பாருங்க" என்று சோதனைப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. "எரியுதுல்லா? எறங்குங்க. இவுகளுக்குச் சோறு வாங்கப் போவணும்." சுக்கான் அறைக்குள் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இறங்கத்தான் திரும்பினேன். ஒரு கால் பலகையில் வைத்தும் விட்டேன்.

"வியாகப்பன், இது சர்வீஸ் இல்லை" என்றேன். "வெளியே என்ன போகுதுன்னு அந்த விளக்குக்குத் தெரியாது. கருவி உள்ளே வேலை செய்தா அது எரியும். ஆண்டெனா கேடுன்னாலும் எரியும். காலையிலிருந்து திறந்ததுல இருபத்திரண்டு கேடு."

"கேடுன்னா?"

"அழுத்தினா யாருக்கும் கேக்காது."

எஞ்சினை நிறுத்தினார்.

"இது யாரு செஞ்ச வேல?"

கரையில் பிரீடா நிமிர்ந்து பார்த்தாள். கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். பெயின்ட் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல.

"நான். கணக்குப் போட்டது நான், கையெழுத்து போட்டது நான். தெரிஞ்ச பிறகும் பத்து நாள் சொல்லாம இருந்தேன்."

அறைக்குள் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். வியாகப்பன் அவனை அடக்கவில்லை.

"சரி, சொல்லிட்டீங்க. எறங்குங்க. ஒங்க கைய இனி இதுல வைக்க விடமாட்டேன்."

"திறந்து பார்க்காம இறங்க மாட்டேன்."

"எறங்கலேன்னா கூடத்தான் வரணும். இருவது நாளு. வாந்தியெடுத்தே செத்துருவீரு."

"வர்றேன்" என்று சொல்லி அங்கேயே ஒரு வலை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.  ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் பார்க்கப் பயமாக இருந்தது.

வியாகப்பன்தான் உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்து மூடியைக் கழற்றினார். என்னிடம் தரவில்லை, அவரே கழற்றினார். தகட்டில் ஒரு முனை, தண்டில் ஒரு முனை என்று மீட்டரை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினேன். கத்தும் என்று சொன்னேன். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது கத்துவதை முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு தகட்டிலும் தண்டிலும் வைத்தார்.

கத்தவில்லை. அழுத்தி வைத்தார். இடம் மாற்றி வைத்தார். ஆறு பேரும் அறைக்கு வெளியே வந்து அந்தச் சின்ன மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வியாகப்பன் அதைக் கீழே வைத்துவிட்டு என் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார். வாங்கிக்கொண்டு தண்டின் பக்கத்தில் மண்டியிட்டேன். மேற்கு வெயில் நேராகத் தண்டில் விழுந்தது, வெறும் உலோகம் தெரிகிறதா என்று பார்க்க முடியாமல் கண் கூசியது. திடீரென்று நிழல் விழுந்தது. கெட்ட வார்த்தை சொன்னவன் தன் தோள்துண்டை இரண்டு கையாலும் விரித்து என் தலைக்கு மேல் பிடித்திருந்தான்.

"நல்லா ஒரசும்" என்றான்.